அனுமதியில் கட்டிய வீடு: காலி செய்யச் சொல்வதா, எழுதிக் கொடுப்பதா?

பட்டா அண்ணன் பெயரில். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது. கணவனை இழந்த தங்கை இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பி வருகிறாள். "வாடகைக்கு எதுக்கும்மா போற? இங்கேயே ஒரு வீட்டைக் கட்டிக்க" என்கிறார் அண்ணன். அவள் நகையை விற்று, கணவன் வேலை பார்த்த இடத்திலிருந்து வந்த பணத்தையும் போட்டு, கான்கிரீட் தளம் போட்ட வீடாகவே கட்டிக் குடி வருகிறாள். எழுத்து எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் கழித்து பைபாஸ் வருகிறது. சென்ட் நான்கு லட்சம் என்கிறார்கள். அண்ணன் மகன் மொத்த இடத்துக்கும் ஆள் பார்த்துவிட்டு, "அத்தையைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்று நிற்கிறான்.

குடும்பம் கற்பனை, விவகாரம் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் சிவில் கோர்ட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த ஜாடையில் ஒரு வழக்கு காதில் விழும். தங்கைக்குப் பதில் தம்பி, பழைய வேலையாள், ஊர்ப் பள்ளிக்கூடம் என்று ஆள் மாறலாம். இரண்டு பக்கத்துக்கும் இருக்கும் வழிகளில் எது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சொல்லி, நிலையான கட்டடம் எழுந்திருந்தால் இரு தரப்புக்கும் கோர்ட்டைவிடப் பத்திரப் பதிவு அலுவலகமே மேல். கட்டடம் எதுவும் கட்டாமல், உரிமையாளரின் வீட்டில் வெறுமனே குடியிருந்தவர் என்றால் கதை நேர்மாறு. அங்கே உரிமையாளர் தயங்காமல் திரும்பக் கேட்கலாம். குடியிருப்பவர் நியாயமான அவகாசத்தைத் தவிர வேறெதற்கும் போராடுவது வீண்.

எல்லாம் தொங்கும் ஆணி: 60-ஆம் பிரிவு

அனுமதி பற்றிய சட்டம், அடுத்தவர் நிலத்தின் மீதுள்ள அனுபவ உரிமைகளைப் பேசும் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தில் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்துக்கு முதல் நாளிலிருந்தே பொருந்திய சட்டம் அது. அடுத்தவர் நிலத்தில் அவர் அனுமதியோடு ஒன்றைச் செய்யும் உரிமைக்கு உரிமம் என்று பெயர். அது நிலத்தில் எந்தப் பங்கையும் தராது. வாய் வார்த்தையாகக் கொடுத்தாலும் செல்லும். நடந்துகொண்ட விதத்திலிருந்தும் ஊகித்துக்கொள்ளலாம். கொடுத்தவர் நினைத்தால் ரத்து செய்யலாம் என்பது பொது விதி.

60-ஆம் பிரிவு இதற்கு இரண்டு விலக்குகள் வைக்கிறது. ஒன்று, அனுமதியோடு சேர்த்துச் சொத்து மாற்றமும் நடந்து, அது நடப்பில் இருப்பது. நமக்கு வேண்டியது இரண்டாவது: அனுமதி பெற்றவர், அந்த அனுமதியின் பேரில், நிலையான தன்மையுள்ள வேலையைச் செலவு செய்து முடித்திருந்தால் உரிமத்தை ரத்து செய்ய முடியாது. மூன்றையும் நிரூபிக்க வேண்டியவர் குடியிருப்பவர்தான். கட்டடம் நிலையானதாக இருக்க வேண்டும். அனுமதியை நம்பிக் கட்டியதாக இருக்க வேண்டும். பணம் அவருடையதாக இருக்க வேண்டும்.

கூரைக் கொட்டகையும் தகர ஷெட்டும் பெரும்பாலும் இதற்குள் வராது. ஓடு மாற்றியது, வெள்ளையடித்தது, தரை போட்டது எல்லாம் பராமரிப்புக் கணக்கில் போய்விடும். நோட்டீஸ் வந்த பிறகு அவசர அவசரமாக எழுப்பிய சுவருக்கும் மதிப்பில்லை; அனுமதி திரும்பப் பெற்ற பிறகு அனுமதியின் பேரில் கட்டினேன் என்று சொல்ல முடியாது.

இந்தப் பிரிவின் வேர் இங்கிலாந்தின் நியாய நீதிமன்றங்களில் இருக்கிறது. 1862, 1866 ஆண்டுகளின் தீர்ப்புகளில், நம்பவைத்துக் கட்டவிட்டவர் பின்னால் கை விரிக்கக் கூடாது என்ற கொள்கை உருப்பெற்றது. 1965-இல் அங்கே வந்த ஒரு தீர்ப்பு நம் ஊர்க் கதை போலவே இருக்கும். நிலம் வாங்கி வீடு கட்ட நினைத்த மகனிடம் அப்பா, என் இடத்திலேயே கொஞ்சம் பெரிதாகக் கட்டிக்கொள்ளேன் என்கிறார். மகன் 1931 வாக்கில் கட்டினான். அப்பா 1951-இல் இறந்தார். அவர் 1922-இல் எழுதி, மாற்றாமலே விட்ட உயில் நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. வாரிசுகள் தரப்பு வெளியேற்ற வந்தபோது, மகன் விரும்பும் காலம்வரை அங்கே இருக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அங்கேயும் இங்கேயும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இங்கிலாந்து நீதிமன்றம் ஆயுள்காலக் குடியிருப்பு, நஷ்ட ஈடு, சில சமயம் நிலத்தையே எழுதிக் கொடுப்பது என்று நிலைமைக்கேற்ப நிவாரணத்தை அளந்து கொடுக்கும். நம் 60-ஆம் பிரிவு அப்படி அளப்பதில்லை. ரத்து செய்ய முடியும், அல்லது முடியாது. இரண்டில் ஒன்று. அதனால்தான் இந்த வழக்குகளில் தோற்பவர் ஒட்டுமொத்தமாகத் தோற்கிறார். சமரசத்தின் அருமையும் அங்கேதான் இருக்கிறது.

உரிமையாளர்: வழக்கா, விற்றுவிட்டு ஒதுங்குவதா, விலை கொடுப்பதா?

முதல் வழி நோட்டீஸ் கொடுத்து உரிமத்தை ரத்து செய்து, வழக்குப் போடுவது. இத்தனை நாள் நோட்டீஸ் என்று சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. வெளியேறவும் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பதினைந்து நாள் கெடு வைப்பது எந்த நீதிபதிக்கும் ரசிக்காது. கல்வியாண்டு முடியும்வரை கொடுங்கள். பிராதில் அது உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

வழக்கை எந்த வடிவில் போடுவது என்பதில் பணம் இருக்கிறது. சுவாதீனம், அதாவது இடத்தை உங்கள் கையில் ஒப்படைக்கும்படி கேட்டால், சொத்தின் சந்தை மதிப்பில் கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டில் 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது இப்போது 3 சதவீதம். 20 லட்ச ரூபாய் இடத்துக்கு 60,000. செயலுறுத்துக் கட்டளை, அதாவது வெளியேறும்படி கட்டளையிடக் கேட்டால், நிவாரணத்துக்கு நீங்கள் போடும் மதிப்பில் கட்டணம். அது குறைவாகவே வரும். உரிமம் ரத்தான பிறகும் உட்கார்ந்திருப்பவர் மீது இந்தக் கட்டளை கேட்கலாம் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் ரத்து செய்துவிட்டு வருடக்கணக்கில் தூங்கிவிட்டு வந்தால் எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இப்படியெல்லாம் போட்டாலும், நம் தங்கை வீட்டைப் போன்ற வீடு நின்றால் அண்ணன் தரப்பு தோற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் பொறியாளரோடு வந்து பார்ப்பார். அஸ்திவாரம் எத்தனை அடி, தளம் கான்கிரீட்டா, ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் எந்த வயசு என்று குறித்துக்கொள்வார். பஞ்சாயத்து வரைபட அனுமதி விண்ணப்பத்தில் நில உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்து இருக்கும். அந்த ஒரு தாள் போதும்: அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து எழுந்த வீடு. வாய்ச் சாட்சி பத்துப் பேர் வந்தாலும் அதை அசைக்க முடியாது.

இரண்டாவது வழியைத்தான் அண்ணன் மகன் யோசிக்கிறான். இடத்தை விற்றுவிடுவோம், அத்தையோடு வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். சட்டமும் மேலோட்டமாக அவனுக்குச் சாதகம்போல் தெரியும். நிலத்தை வாங்கியவரை உரிமம் அப்படியே கட்டுப்படுத்தாது என்று 59-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1987-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த உத்தரப் பிரதேசப் பள்ளி வழக்கை அவன் படிக்க வேண்டும். உரிமையாளர் அனுமதியோடு நடந்த பள்ளி, அங்கே நிலையான கட்டடங்களைக் கட்டியிருந்தது. நிலத்தை விலைக்கு வாங்கியவர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். உரிமம் ரத்து செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. விற்பதால் கறை போய்விடாது. விவரம் தெரிந்த வாங்குகிறவர் வந்து பார்த்ததும், "அந்த வீட்டுல யார் இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்பார், பிறகு பாதி விலை சொல்வார். விவரம் தெரியாதவருக்கு மறைத்து விற்றால் நாளை அவர் உங்கள் மீதே வழக்குப் போடுவார்.

மின்சாரத்தைத் துண்டிப்பது, பாதையில் வேலி போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது ஆகியவற்றை நான் வழியாகவே எண்ணவில்லை. அனுமதி முடிந்தவரையும் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும். விதவைத் தங்கை வீட்டுத் தண்ணீர்க் குழாயை உடைத்த அண்ணனுக்கு எந்தத் தீர்ப்பு வந்து என்ன?

மூன்றாவது வழி, கட்டடத்துக்கு விலை கொடுத்துக் காலி செய்யக் கேட்பது. இது நல்ல வழி. ஆனால் பேச்சு வழக்கமாக ஒரே இடத்தில் முறியும். பொறியாளர் பொதுப்பணித் துறையின் தளப்பரப்பு விலையை எடுத்து, பதினெட்டு வருடத் தேய்மானத்தைக் கழித்து ஒரு தொகை சொல்வார். சொந்தத் தேவைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துச் சிறுகச் சிறுக வீட்டை முடித்தவளுக்கு அந்தத் தொகை அவமானமாக இருக்கும். அதே வசதியுள்ள வீட்டை இன்று வேறிடத்தில் கட்ட எவ்வளவு ஆகும் என்பதையே பேச்சின் அடிப்படையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இடத்தின் விலை பல மடங்கு ஏறிய லாபம் முழுக்க அண்ணனுக்கு, கட்டடம் பழசான நஷ்டம் முழுக்கத் தங்கைக்கு என்றால் அவள் ஏன் கையெழுத்துப் போடுவாள்?

குடியிருப்பவர்: "பன்னிரண்டு வருடம் ஆச்சு" என்ற பொறி

தங்கை தரப்பில் யாராவது வந்து இப்படிச் சொல்லுவார்கள்: "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல இருக்கீங்க, இடமே உங்களுதுதான்." இதைவிடக் கெடுதலான ஆலோசனை கிடையாது என்பேன். இந்தத் தவறான வாதத்தால் கையிலிருந்த நல்ல வழக்கை இழந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

எதிரிடை அனுபவத்துக்கு 12 வருடம் என்பது உண்மை. ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, இது என்னுடையது என்று அனுபவித்த 12 வருடம். அனுமதியோடு இருந்தது 12 என்ன, 50 வருடமானாலும் அனுமதிதான். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடும்ப அட்டை முகவரி ஆகியவை குடியிருந்ததைக் காட்டுமே தவிர எதிர்த்து அனுபவித்ததைக் காட்டாது. 2012-இல் கோவாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு குடும்ப வழக்கில், சகோதரியின் வீட்டில் இருந்த சகோதரர் நீண்டகாலக் குடியிருப்பைக் காட்டி உரிமை கேட்டார். உறவாகவோ காவலாகவோ இலவசமாக ஒருவரைத் தங்கவைத்தால் எத்தனை காலமானாலும் அவருக்குச் சொத்தில் உரிமை வராது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

எதிரிடை அனுபவம் என்று எதிர்வழக்குரையில் எழுதிய கணமே இன்னொன்றும் நடக்கிறது. அனுமதியே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அனுமதி இல்லையென்றால் 60-ஆம் பிரிவு எங்கிருந்து வரும்? தங்கையின் மொத்த பலமும் "அண்ணன் சொன்னார், நம்பிக் கட்டினேன்" என்ற ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. இடம் அண்ணனுடையது என்று ஒப்புக்கொள்வதுதான் அவளைக் காப்பாற்றும் வாக்குமூலம். கேட்க முரணாகத் தோன்றலாம். உரிமம் பெற்றுக் குடியேறியவர், கொடுத்தவரின் அன்றைய உரிமையை மறுக்கவும் சட்டம் விடாது.

ஆகவே அனுமதியை ஒப்புக்கொண்டு, கட்டியதை நிரூபிக்க வேண்டும். வரைபட அனுமதி, நகை அடகு ரசீது அல்லது விற்ற பில், வங்கிக் கணக்கில் பணம் எடுத்த பதிவு, கொத்தனார், கம்பிக்காரர், கிரகப்பிரவேசப் பத்திரிகை. அதில் அண்ணன் பெயர் தாய்மாமன் முறையில் அச்சாகியிருக்கும். அவர் வந்து நின்ற போட்டோ ஆல்பத்தில் இருக்கும். இவற்றை இன்றே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சொத்து மாற்றச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, தனக்கே முழு உரிமை என்று நல்லெண்ணத்தோடு நம்பி மேம்படுத்தியவருக்கு நஷ்ட ஈடு தருகிறது. தங்கைக்கு அது உதவாது. இடம் தன்னுடையதல்ல என்று தெரிந்தே கட்டியவள் அவள். 1921-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். தரை வாடகை கொடுத்துச் சொந்தச் செலவில் கட்டியவர்களுக்காக, நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமைவரை யோசித்த சட்டம் அது. வாடகையே வாங்காமல் பாசத்தில் விட்ட இடத்துக்கு அது எட்டாது.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். 60-ஆம் பிரிவில் வென்ற தங்கைக்குக் கிடைப்பது இருக்கும் உரிமை. பட்டா வராது. உரிமத்தை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்பது 56-ஆம் பிரிவின் பொது விதி. வங்கியில் வைத்து மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்க முடியாது. அவளுக்குப் பிறகு பிள்ளைகளின் நிலை என்ன என்று மறுபடியும் ஒரு வழக்கு கிளம்பும். வென்றவளுக்கும் பத்திரம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பத்திரத்தில் முடிப்பது: மூன்று வகை

ஐந்து சென்ட்டையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வீடு நிற்கும் இரண்டரை சென்ட்டும் பாதையும் போதும் என்று தங்கை ஒத்துக்கொண்டால், அண்ணனுக்கு மீதி இடம் வில்லங்கமில்லாமல் சுத்தமாகக் கைக்கு வருகிறது. சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, பாதையின் அகலத்தைப் பத்திரத்தில் அடிக்கணக்கில் எழுதிவிட வேண்டும். பாதையை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் அடுத்த வழக்கின் முதல் பக்கம்.

பணம் வாங்காமல் கொடுப்பதானால் செட்டில்மென்ட். தமிழ்நாட்டில் குடும்ப உறவுகளுக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்ச வரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு 10,000. உங்கள் உறவு அந்தச் சலுகைப் பட்டியலுக்குள் வருகிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கைமாறினால் அது கிரயம்: முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இரண்டரை சென்ட் 10 லட்சம் என்றால் தங்கை அந்தச் சலுகைக்குள் வந்துவிடுகிறாள். பணத்தை வாங்கிக்கொண்டு செலவை மிச்சம்பிடிக்க செட்டில்மென்ட் என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். பொய்யான பத்திரம் பின்னாளில் இரு தரப்பையுமே கடிக்கும்.

கிரய விலையை எப்படிப் பேசுவது? இன்றைய பைபாஸ் விலையைத் தங்கையால் கொடுக்க முடியாது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய விலை அண்ணனுக்கு அநியாயம். அரசு வழிகாட்டி மதிப்பை நடுப்புள்ளியாக வைத்துத் தொடங்குவது இரண்டு பேருக்கும் முகம் கெடாமல் பேச இடம் தரும். ஊர்ப் பெரியவர்கள் வைத்துப் பேசினாலும் சரி, கோர்ட்டின் சமரச மையத்தில் பேசினாலும் சரி.

மூன்றாவது வகை, ஆயுள்கால அனுபவ உரிமையைப் பதிவு செய்து கொடுப்பது. நிலம் அண்ணன் பெயரிலேயே இருக்கும்; தங்கை உள்ளவரை அந்த வீட்டில் இருப்பாள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ நிலைத்துவிட்ட, வயதான அத்தைக்கு இது பொருத்தம். நாற்பது வயசுத் தங்கைக்குப் பொருந்தாது. அவள் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது. அண்ணன் பிள்ளைகளும் நாற்பது வருடம் காத்திருக்க நேரும்.

வழக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றாலும் கதவு மூடவில்லை. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் தீர்ப்பாணைக்குச் சமமான உத்தரவு கிடைக்கும். அதன் மீது அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் தமிழ்நாட்டுச் சட்டப்படி கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 60,000 ரூபாய் பத்திரச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும்.

இனிமேல் அனுமதி கொடுக்கப் போகிறவர்களுக்கு

கட்டிக்கொள் என்று சொல்லும் அன்றே எழுதுங்கள். என்றைக்குமாகத் தருகிறீர்கள் என்றால் அன்றே செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள். சென்ட் விலை ஏறாத காலத்தில் செலவும் குறைவு, மனசும் பெரிது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றால், எத்தனை வருடம், கட்டினாலும் திரும்பக் கேட்கலாமா, கேட்டால் கட்டடத்துக்கு எந்தக் கணக்கில் பணம் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். 60-ஆம் பிரிவை மீறித் தங்களுக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளக் கட்சிக்காரர்களுக்கு உரிமை உண்டு; அதே 1987 தீர்ப்பு அதையும் ஒப்புக்கொள்கிறது.

கட்டப் போகிறவரும் கேட்கத் தயங்கக் கூடாது. "அண்ணனிடம் போய் எப்படி எழுதிக் கேட்பது?" என்ற கூச்சம் புரிகிறது. அப்படியானால் வரைபட அனுமதி விண்ணப்பத்திலாவது அவரிடம் கையெழுத்து வாங்கி, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அது நடக்கட்டும்.